கால் சுற்று

போன வருஷம் தூத்துக்குடிக்குப் போயிருந்தபோது, வலைச் சாமான் விற்கும் கடையில் ஒரு மில்லிமீட்டர் கனத் தங்கூசி நரம்பு பத்து மீட்டர் வாங்கினேன். என்ன மீனுக்கு என்று கடைக்காரர் கேட்டார். கிட்டாருக்கு என்றேன். கிட்டார் கம்பி வேறு, இது வேறு என்று அக்கறையோடு எடுத்துச் சொன்னார். கம்பிக்கு இல்லை, ஃப்ரெட் கட்டுவதற்கு என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், பின்னால் நின்றவருக்கு அளந்து கொடுக்கத் திரும்பிவிட்டார்.

ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதிந்திருக்கும் உலோகக் கட்டை. வீணையில் மெட்டு என்கிறோமே, அதற்குச் சொந்தக்காரன். கடையிலிருந்து வரும் எந்தக் கிட்டாரிலும் அது மரத்துக்குள் அடித்து இறக்கப்பட்டிருக்கும், அசையாது. ஆனால் கிட்டாரின் பழைய சொந்தங்களான விஹுவேலாவிலும், அந்தக் காலத்துத் தந்தி வாத்தியமான லூட்டிலும், 17ஆம் நூற்றாண்டுக் கிட்டாரிலும் ஃப்ரெட் என்பது ஆட்டுக் குடலைத் திரித்த நரம்பு. அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார்கள். கட்டியது பெரும்பாலும் செய்து கொடுத்த தச்சர் அல்ல, வாசித்தவர். தந்தி அறுந்தால் மாற்றத் தெரிந்திருப்பதுபோல ஃப்ரெட் தேய்ந்தால் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அது வாசிப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இதைப் புத்தகத்தில் படித்து வருஷக்கணக்காகிவிட்டது. கையால் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசை ஓய்வு பெற்ற பிறகுதான் நிறைவேறியது. எங்கள் சர்ச் ஸ்டோர் ரூமில், நைலான் தந்தி போடும் வகைக் கிட்டார் ஒன்று ஃப்ரெட்டெல்லாம் தேய்ந்து கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடாக்கி, முனை தட்டையாகத் தேய்த்த குறட்டால் மெல்ல மெல்லப் பிடுங்கினேன். பள்ளங்களை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். பிறகு தங்கூசியை எடுத்தேன்.

முடிச்சுப் போடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஃப்ரெட் நிற்கவேண்டிய இடத்திலேயே கட்டினால் அது என்றைக்கும் இறுகாது. தலைப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, கழுத்து மெலிந்திருக்கும் இடத்தில் கட்டி, முனைகளைச் சுட்டு உருட்டிவிட்டு, உடம்புப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். கழுத்து அந்தப் பக்கம் பருத்துக்கொண்டே போவதால் முடிச்சு தானாக இறுகும். நகம் வலிக்கத் தள்ளினேன். ஒன்பது ஃப்ரெட் கட்ட ஒரு முழு மத்தியானம் ஆனது. லூட்டிலும் எட்டு, ஒன்பது, பத்து என்றுதான் கட்டுவார்கள். அதற்குமேல் வேண்டுமானால் பலகையின்மேல் மரச் சில்லுகளை ஒட்டிக்கொள்வார்கள்.

எங்கே நிறுத்துவது? அதைச் சொன்னவர் பெயரைக் கேட்டால் என் மாணவர்களுக்கு முகம் மலரும். பாளையங்கோட்டையில் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தினேன். கலிலியோவைப் பற்றிப் பேசாமல் ஒரு வருஷமும் போனதில்லை. அவருடைய அப்பா வின்சென்சோ கலிலி லூட் வித்வான். 1581இல் ஃப்ளாரன்ஸில் அச்சான அவருடைய இசை நூலில் ஒரு கணக்கு வருகிறது: தந்தியின் முழு நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி முதல் ஃப்ரெட்டை வை, மீதியை மறுபடி 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி இரண்டாவதை வை, இப்படியே போ. ஒரு கவராயம் போதும், வாய்ப்பாடுகூட வேண்டாம். கிட்டார் செய்பவர்கள் பல தலைமுறைகளுக்கு இந்தப் பதினெட்டுக் கணக்கை வைத்துத்தான் ஃப்ரெட் அளந்தார்கள்.

இன்று நாம் கால்குலேட்டரில் போட்டால் 18 வராது, 17.817 வரும். வித்தியாசம் சின்னது, ஆனால் படிப்படியாகச் சேரும். 650 மில்லிமீட்டர் தந்தியில் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், அதாவது 325இல் நிற்கவேண்டும். கலிலி கணக்குப்படி அது 322.6இல் நின்றுவிடும். நான் முதலில் இதைப் பிழை என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. தந்தியை விரலால் அமுக்கும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. கலிலியின் ஃப்ரெட் கொஞ்சம் பின்தங்கி நிற்பதால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. கணக்கில் தப்பாக இருப்பது கையில் ஏறக்குறைய சரியாக வருகிறது.

அதே மனிதர் தந்தியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டும் பார்த்திருக்கிறார். ஒரு ஸ்தாயி மேலே போகத் தந்தியை இரண்டு மடங்கு இழுத்தால் போதும் என்று பழைய நூல்கள் சொல்லிவந்தன. இல்லை, நான்கு மடங்கு வேண்டும் என்று அவர் கண்டார். எங்கள் ஆய்வகத்துச் சுரமானிப் பெட்டியில் பிள்ளைகள் எடை மாற்றி, இசைக்கவையைத் தட்டி, காகிதத் துண்டு துள்ளி விழுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் நான் அந்த அப்பாவை நினைத்துக்கொள்வேன். ஏட்டில் உள்ளதை நம்பாமல் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு அந்த வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

ஏறக்குறைய அடுத்த தலைமுறையில், தஞ்சாவூரை ரகுநாத நாயக்கர் (1600–1634) ஆண்ட காலத்தோடு சேர்த்துத்தான் வீணையில் 24 மெட்டுகளை நிலையாக வைக்கும் முறையைச் சொல்கிறோம். அதற்கு முன்பு ராகத்துக்குத் தக்கபடி மெட்டை நகர்த்தும் வீணைகளும் இருந்தன. நிலைத்த பிறகும் வீணை மெட்டு மரத்துக்குள் போகவில்லை, மெழுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. மெழுகு தளர்ந்து சுருதி பிசகினால் மேளம் கட்டுகிறவரை வரவழைத்து, மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாகத் திரும்ப உட்கார வைக்கிறார்கள். கிட்டாருக்கு அந்த வழி வாய்க்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உலோக ஃப்ரெட் வந்தது. தந்தியும் ஐந்து ஜோடியிலிருந்து ஆறு ஒற்றையாக மாறியது. உலோகம் எளிதில் தேயாது, ஒலி துலக்கமாக வரும், பன்னிரண்டுக்கு மேலும் பதிக்கலாம். லாபம் பெரிது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அன்றோடு வாசிப்பவரின் விரலுக்கு ஃப்ரெட்டின்மேல் இருந்த உரிமை போய்விட்டது. இனிமேல் எதுவானாலும் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

பட்டறையிலும் யார் தொடலாம் என்பதில் வழக்கு இருந்தது. ஜெர்மனியின் சாக்ஸனியில் மார்க்நாய்கிர்ஷன் என்று ஓர் ஊர். வயலின் செய்பவர்களின் கில்டு என்ற தொழிற்சங்கம் அங்கே 1677இலேயே அமைந்துவிட்டது. கிட்டார் பின்னால் வந்த பண்டம். அதை மேஜை, அலமாரி செய்யும் தச்சர்கள் செய்துவந்தார்கள். கிட்டாருக்குக் கிராக்கி ஏறியதும், தச்சர்கள் அதைச் செய்யக்கூடாது என்று வயலின்காரர்கள் 1826இல் மனுப் போட்டார்கள். தாங்கள் கலைஞர்கள், அவர்கள் வெறும் கைவினைக்காரர்கள் என்பது அவர்கள் வாதம். 1832இல் மறுபடியும் பிரச்சினை எழுந்தது. தச்சர் பக்கம் நியாயம் கிடைத்தது. ஆனால் அந்தத் தச்சர் குடும்பங்கள் ஒன்றில் 1796இல் பிறந்த கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் மார்ட்டின், போதும் இந்த ஊர் என்று 1833இல் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டார். ஹட்ஸன் தெருவில் கடை போட்டு, சில வருஷத்தில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மார்ட்டின் கம்பெனி இன்றும் அந்த நாசரேத்தில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் நாசரேத் என்று ஓர் ஊர் இருப்பதால், முதன்முதலில் அந்தப் பெயரைக் கிட்டார் துளைக்குள் இருந்த சீட்டில் பார்த்தபோது ஒரு நிமிஷம் மனசு துள்ளியது.

மார்ட்டின் வியன்னாவில் யோஹான் ஷ்டவுஃபர் என்பவரிடம் வேலை பார்த்தவர். இந்த ஷ்டவுஃபரை நான் விட்டுவிட்டுப் போகமுடியாது. லூயிஜி லெக்னானி என்ற கிட்டார் வித்வானின் பெயரால் அவர் செய்த கிட்டாரில், கழுத்து உடம்போடு ஒட்டப்பட்டிருக்காது. கழுத்தின் அடியில் ஒரு திருகு. அதற்கு ஒரு சாவி, சுவர்க்கடிகாரத்துக்குக் கொடுப்போமே, அதுபோல. சாவியைத் திருகினால் கழுத்தின் சாய்வு மாறும். தந்தி ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் ஓடவேண்டும் என்பதை வாசிப்பவரே வைத்துக்கொள்ளலாம். கிட்டார்க்காரர்கள் இன்று ‘ஆக்‌ஷன்’ என்று சொல்வது இந்த உயரத்தைத்தான். மார்ட்டின் அமெரிக்காவில் செய்த முதல் கிட்டார்கள் சிலவற்றிலும் இந்தச் சாவி இருந்தது. பிறகு விட்டுவிட்டார். உலோக ஃப்ரெட்டால் கைவிட்டுப் போன உரிமையில் ஒரு துண்டை ஷ்டவுஃபர் சாவியாகத் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது நூறு வருஷத்துக்கு எடுபடாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

நடுவில் ஸ்பெயினின் அல்மேரியாக்காரர் அந்தோனியோ டி தோரெஸ் (1817–1892) வருகிறார். இன்றைய நைலான் தந்திக் கிட்டாரின் உருவமும் 650 மில்லிமீட்டர் அளவும் அவர் கையில் நிலைபெற்றவை. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை நிரூபிக்க, பக்கமும் முதுகும் காகிதக் கூழில் வார்த்து, முகப்புப் பலகையை மட்டும் மரத்தில் வைத்து 1862இல் ஒரு கிட்டார் செய்தார். அது பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கதை தனியாக எழுதவேண்டியது. என் பேச்சு கம்பியைப் பற்றியது என்பதால் கடலைத் தாண்டுகிறேன்.

1915இல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஹவாய்த் தீவுக்காரர்கள் எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரை மடியில் படுக்கவைத்து, உலோகத் துண்டைச் சறுக்கி வாசித்தார்கள். அமெரிக்கா முழுக்க அந்த ஒலி பற்றிக்கொண்டது. குடல் நரம்பு வேண்டாம், எஃகுதான் வேண்டும் என்று ஆனது. ஆனால் எஃகு சும்மா வருவதில்லை. நைலான் தந்தி ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 38 கிலோ அளவுக்கு இழுக்கும். குடல் தந்தியும் அந்த ரகம்தான். மெல்லிய எஃகுக் கம்பி ஒரு செட்டு 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் கழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மரம் வளையாமல் என்ன செய்யும்? வளைந்தால் கம்பி மேலே எழும். எழுந்தால் விரல் நோகும், அமுக்கும்போது சுருதி ஓடும்.

கலமஸூ ஊரில் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1921இல் விண்ணப்பித்து 1923இல் காப்புரிமை பெற்றார். கழுத்து மரத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி. அதன் நுனியில், தலைப்பலகையில் ஒரு சின்ன மூடிக்கு அடியில், ஒரு திருகு. திருகை இறுக்கினால் கம்பி இழுவைக்கு எதிராகக் கழுத்து நிமிரும். தளர்த்தினால் முன்பக்கம் வளையும். இதுதான் ட்ரஸ் ராட். மார்ட்டின் கம்பெனி இதை வெகுகாலம் ஏற்கவில்லை. கருங்காலிக் கட்டை, 1934 முதல் எஃகுப் பட்டை, 1967 முதல் சதுரக் குழாய் என்று கழுத்துக்குள் வளையாத முதுகெலும்பு வைத்துப் பார்த்தார்கள். திருகக்கூடிய கம்பியை வைத்தது 1985இல்தான். சரியாகச் செய்த கழுத்துக்குத் திருகு எதற்கு என்ற நாசரேத்துத் தச்சர்களின் பெருமிதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் கிட்டார் நாசரேத்திலேயே இருந்துவிடுவதில்லை. ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் பார்க்க வருகிறது.

இனி வருகிறவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். லியோ ஃபெண்டர் 1909இல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். கணக்கெழுதும் வேலை பார்த்து, 1938இல் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ரிப்பேர் கடைக்காரர் ஒரு பொருளைப் பார்க்கிற விதமே வேறு. இது எவ்வளவு அழகு என்று பார்க்கமாட்டார். எங்கே திறக்கும், எது முதலில் போகும், போனால் எப்படி மாற்றுவது என்று பார்ப்பார். 1950இல் அவர் கொண்டுவந்த எலக்ட்ரிக் கிட்டார், அடுத்த வருஷம் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. அதன் கழுத்து பசையால் ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணியால் உடம்போடு பூட்டப்பட்டது. வயலின் வழிவந்த கைவினைக்காரர்களுக்கு அது கதவுக் கீல் வேலையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நான்கு திருகைக் கழற்றினால் கழுத்து கையோடு வந்துவிடும். கெட்டால் வேறு கழுத்து. 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிக் குதிரை. உயரத்தையும் நீளத்தையும் தனித்தனியாகத் திருகிக்கொள்ளலாம். கலிலி தன் முடிச்சை நகர்த்தியதுபோல இல்லை. இங்கே நகர்வது ஃப்ரெட் அல்ல, கம்பியின் மறுமுனை. ஆனாலும் சுருதியைச் சரிசெய்யும் வேலை திரும்பவும் வாசிப்பவரின் மேஜைக்கு வந்துவிட்டது. 1950இல் ஃபெண்டர் செய்த ஆரம்பக் கழுத்துகளில் ட்ரஸ் ராட் இல்லை. வளைகிறது என்று வந்த பிறகு, அதே வருஷத்திலேயே வைத்தார். குறை சொன்னவர் பேச்சைக் கேட்டு மாற்றிய அந்த வேகத்துக்காகவும் எனக்கு அவரைப் பிடிக்கும்.

திருகு இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு திருகுவது என்று யாராவது சொல்லித்தரவேண்டும். அந்த அறிவு நீண்டகாலம் பட்டறைச் சுவருக்குள்ளேயே இருந்தது. 1966இல் இர்விங் ஸ்லோன் கிட்டார் கட்டுவது பற்றிப் படங்களோடு புத்தகம் போட்டார். 1972இல் அமெரிக்காவின் டகோமாவில் கிட்டார் செய்பவர்கள் ஒரு கில்டு தொடங்கினார்கள். பெயர்தான் கில்டு, மார்க்நாய்கிர்ஷன்காரர்களுக்கு நேர் எதிர். யாரும் சேரலாம், தெரிந்ததை எழுதிப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே அது. 1975இல் ஹிடியோ கமிமோட்டோ கிட்டார் ரிப்பேருக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1990இல் டான் எர்லிவைனின் பெரிய புத்தகம் வந்தது. இந்தக் கடைசிப் புத்தகம்தான் என் கைக்கு வந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும். 1981இல் அண்ணன் பம்பாயிலிருந்து ரயிலில் ஒரு கிட்டார் கொண்டுவந்தான். ப்ளைவுட் முகப்பு, எஃகுக் கம்பி. அதை வைத்துத்தான் சர்ச் கொயரில் வாசிக்கப் பழகினேன். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்கமுடியாமல் பல வருஷம் போனது. பெண்பிள்ளை விரலுக்கு வலு போதாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மழைக்காலத்தில் கம்பி இன்னும் மேலே எழும்பிவிடும். ஒருமுறை அளந்து பார்த்தேன், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் நான்கு மில்லிமீட்டருக்கும் அதிகம். நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது. தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் ‘நட்’ என்ற துண்டின் காடிகளை ஆழமாக அறுத்துத் தள்ளியிருந்தார்கள். இரண்டு கம்பி முதல் ஃப்ரெட்டிலேயே மோதி இரைந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உயரம் அப்படியே இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றார்கள். பள்ளியில் அலைநீளம் நடத்துகிறவளிடம் சொன்ன பதில் அது. திரும்பி வரும் பஸ்ஸில் கண் கலங்கியபடிதான் வந்தேன்.

எர்லிவைன் புத்தகத்தை அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மாணவி ஒருத்தி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதைப் பாடப்புத்தகம்போல வாசித்தேன். அந்த விடுமுறையில் எனக்குப் புரிந்த விஷயம், கம்பி உயரம் என்பது ஒரு அளவு அல்ல என்பது. கழுத்தின் வளைவு, நட் காடியின் ஆழம், மறுமுனையில் கம்பி உட்காரும் ‘சேடில்’ துண்டின் உயரம் மூன்றும் சேர்ந்துதான் அது. கழுத்தை முதலில் பார்க்கவேண்டும், பிறகுதான் மற்றது. அந்தக் கடையில் கழுத்தைப் பார்க்கவே இல்லை.

அளப்பதற்குக் கம்பியையே நேர்கோலாகப் பயன்படுத்தலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் விரலால் அமுக்கினால், நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு சந்து தெரியும். அது கால் மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கால் மில்லிமீட்டரை எதால் அளப்பது? முருகன்குறிச்சியில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் ஃபீலர் கேஜ் கிடைத்தது. டேப்பட் இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே மெல்லிய எஃகு இலைகள்தான். என் கிட்டாரில் 0.25 இலை கலகலவென்று ஆடியது. கால் சுற்று இறுக்கினேன். கம்பிகளைச் சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டேன். மறுநாள் இன்னொரு கால் சுற்று. மூன்றாம் நாள் இலை லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது.

பிறகு சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கவேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்கவேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் வரும் சாதாரண வடிவொத்த முக்கோணக் கணக்கு. பிளாஸ்டிக் சேடிலைத் தேய்க்காமல் புதிதாகச் செய்தேன். கசாப்புக் கடையில் மாட்டுக் கால் எலும்பு வாங்கி, கொழுப்புப் போகத் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒரு வாரம் மொட்டைமாடியில் காயப்போட்டு, அரத்தால் ராவினேன். அறுத்துத் தள்ளியிருந்த நட் காடிகளில் சமையல் சோடாவைத் தூவி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டேன். நொடியில் கல்லாக இறுகியது. அதன்மேல் புதுக் காடியை, இந்தமுறை பொறுமையாக, அறுத்தேன். அன்று சாயங்காலம் எஃப் கார்டு பிடித்தேன். ஆறு கம்பியும் பேசின. பதினாறு வருஷமாக என் விரலில் இருந்த குறை என்று நான் சுமந்தது, கழுத்துக்குள் இருந்த ஒரு திருகின் அரைச் சுற்றும் ஒரு எலும்புத் துண்டும்தான்.

அதற்குப் பிறகு கிட்டார்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. கொயர்ப் பிள்ளைகளுடையது, பக்கத்துக் கல்லூரிப் பையன்களுடையது. எங்கள் ஊர்க் காற்று மரத்தை எப்படி நடத்துகிறது என்பதை அவைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. பங்குனி வெயிலில் விரற்பலகை சுருங்கும்; ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கிழிக்கும். அப்போது முனையை ராவிவிடலாம், ஆனால் ட்ரஸ் ராடைத் தொடுவதற்கு முன் சில நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். கார்த்திகை மழையில் முகப்புப் பலகை உப்பும், சேடிலையும் சேர்த்துத் தூக்கும், கம்பி உயரும். அப்போது கழுத்தைத் திருகுவது தப்பு. குற்றம் கழுத்தில் இல்லை. நல்ல விலையில் வந்த கிட்டார்கள் சிலவற்றின் முதுகில் நமது மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம் இருக்கும். பிரேசில் தன் மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதை 1960களின் கடைசியில் நிறுத்தியபோது மார்ட்டின்காரர்கள் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். நம் மலையில் வளர்ந்து, பென்சில்வேனியா போய், கிட்டாராகத் திரும்பிவந்த மரத்தைத் துடைக்கும்போது கை தானாக மெதுவாகிறது.

பிள்ளைகளுக்கு ரிப்பேர் செய்து கொடுப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உட்காரவைத்து அவர்களையே செய்யச் சொல்வேன். போன மாதம் வந்த பையன் ஆலன் கீயைக் கையில் வாங்கிவிட்டுத் திருகாமலே உட்கார்ந்திருந்தான்.

“உடைஞ்சிராதா டீச்சர்?”

“கால் சுத்துதானப்பா. உடையாது. கடினமா இருந்தா நிறுத்திரு, பலத்தைப் போடாத.”

திருகினான். மரத்துக்குள்ளிருந்து மெல்லிய நெறிப்புச் சத்தம் வந்தது. பயந்து என்னைப் பார்த்தான். அது கழுத்து நகர்கிற சத்தம், காது கொடுத்துக் கேள் என்றேன். இலையை நுழைத்துப் பார்த்துவிட்டு அவனே, “இன்னும் கொஞ்சம் இருக்கு டீச்சர், நாளைக்குப் பாக்கலாமா?” என்றான்.

அவன் போன பிறகு தங்கூசி கட்டிய கிட்டாரை எடுத்தேன். சமமாகப் பன்னிரண்டாகப் பிரித்த ஃப்ரெட்டில் ஒரு சங்கடம் உண்டு. சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள இசைவு கொஞ்சம் கூர்மையாக, கலங்கித்தான் கேட்கும். உலோக ஃப்ரெட்டில் அதற்கு ஒன்றும் செய்யமுடியாது; காது பழகிக்கொள்ளவேண்டும். இங்கே நான்காவது ஃப்ரெட்டை இரண்டு பக்கமும் நகத்தால் பிடித்துத் தலைப்பக்கமாகத் தள்ளினேன். கணக்குப்படி 650 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, 130இல் நிற்கவேண்டும். அது நின்றிருந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர். மெலிந்த பக்கம் போனதால் முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது, பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது தந்தியை ஐந்தாவது ஃப்ரெட்டிலும் நான்காவது தந்தியை நான்காவது ஃப்ரெட்டிலும் அமுக்கி இரண்டையும் சேர்த்து மீட்டினேன். கலக்கம் மெல்ல அடங்கி, நின்றுவிட்டது. வேறு சில கார்டுகள் இனி அதே ஃப்ரெட்டில் கெடும், தெரியும். வேண்டும்போது திரும்பத் தள்ளிக்கொள்ளலாம்.